நாலு பாம்பைத் தெரிஞ்சுக்கிட்டா போதும்

பதிவு போட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. மார்கழியில போட்ட மல்லாட்டையைப் பிடுங்கி, காய் ஆய்ஞ்சு, காயவெச்சு, மூட்டை கட்டி அனுப்புறதுக்குள்ள சித்திரை ஓடிப்போச்சு. விலையைப் பத்தி தனியா எழுதறேன். இப்ப எழுதினா கோபத்துலதான் எழுதுவேன்.

இன்னிக்குப் பாம்பைப் பத்தி எழுதணும். காரணம் இருக்கு. வைகாசி, ஆனியில கண்ணாடி விரியன் குட்டி போடும். பல பாம்பு மாதிரி முட்டை இல்ல, நேரா குட்டிதான். ஒரு ஈத்துக்கு 20, 30 குட்டிகூட வரும். பொறந்த அன்னிக்கே விஷம் உண்டு. அதுக்கப்புறம் மழைக்காலம். நம்ம நாட்டுல பாம்பு கடிச்சு சாகிறவங்கள்ல பாதிப் பேர் ஜூன்ல இருந்து செப்டம்பருக்குள்ளதான் சாகிறாங்க. பெரும்பாலும் நம்மளை மாதிரி கிராமத்து ஜனங்க. 2000ல இருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியில செத்தவங்க சுமார் 12 லட்சம் பேர்னு 2020ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. வருஷத்துக்கு 58,000 பேர். இந்தக் கணக்கைப் படிச்சப்போ எனக்கு ஒரு முகம்தான் ஞாபகம் வந்தது.

போன வருஷம் ஆவணி மாசம் எங்க தெருவுல ஒரு பையன் செத்துப்போனான். 24 வயசு. ஐடிஐ முடிச்சிட்டு வெளியூர்ல வேலை பார்த்துக்கிட்டு இருந்தவன், ரெண்டு நாள் லீவுல வந்திருந்தான். புழுக்கமா இருக்குன்னு வாசல்ல பாயைப் போட்டுப் படுத்திருக்கான். ராத்திரி 2 மணிக்கு வயித்து வலின்னு எழுந்திருச்சான். கடிச்ச தடம் எதுவும் கண்ணுக்குத் தெரியல. வாயுப் பிடிப்பா இருக்கும்னு பெருங்காயம், சோடான்னு குடுத்துப் பார்த்தாங்க. 4 மணிக்கு கண் இமை தானா மூட ஆரம்பிச்சிருக்கு, பேச்சு குழறுது. காத்து கருப்பு பட்டிருக்கும்னு யாரோ சொல்ல, பக்கத்து ஊரு மந்திரிக்கிறவர் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அங்க விபூதி போட்டு, வேப்பிலை அடிச்சு, பொழுது விடிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி நிக்கும்போது மூச்சு இல்ல. அவன் படுத்த பாயைத் தூக்கினப்போதான் சுவர் ஓரமா கட்டுவிரியன் சுருண்டு கிடந்ததைப் பார்த்தாங்க.

கட்டுவிரியன் கடி அப்படித்தான். கொசு கடிச்ச மாதிரிகூட இருக்காது. வீக்கம் இல்ல, ரத்தம் இல்ல. தூக்கத்துலயே கடிச்சிட்டுப் போயிடும். வயித்து வலி, வாந்தி, இமை சொக்குறது, எச்சில் முழுங்க முடியாதது, அப்புறம் மூச்சுத் திணறல். தரையில படுத்து எழுந்தவங்களுக்கு ராத்திரியிலயோ விடியக்காலையிலயோ இப்படி வந்தா, தடம் இருக்கா இல்லையான்னு தேடிக்கிட்டு உக்காரக் கூடாது. உடனே கிளம்பிடணும்.

அந்த வாரம் எங்க ஊர்ல கண்ணுல பட்ட பாம்பையெல்லாம் அடிச்சாங்க. நான் பார்த்த வரைக்கும் 11 பாம்பு. அதுல சாரை 5, தண்ணிப்பாம்பு 3, பச்சைப்பாம்பு 1, மண்ணுளி 1, நல்லபாம்பு 1. கடிச்சா ஆளைக் கொல்லக்கூடியது அந்த ஒரு நல்லபாம்பு மட்டும்தான். மீதி 10க்கும் அந்தப் பையன் சாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. அழுகிற வீட்டுல போய் இதைச் சொல்ல முடியுமா? சொல்லல.

அக்டோபர் 2 கிராம சபையில விஷயம் வந்தது. ஏரிக்கரைப் புதரை மொத்தமா கொளுத்தணும், கரையோரம் இருக்கிற புத்தை ஜேசிபி விட்டு இடிக்கணும்னு தீர்மானம் போடச் சொன்னாங்க. நான் எழுந்து, கொஞ்சம் பொறுங்கப்பான்னு ஆரம்பிச்சேன். புதரை ஒரே நாள்ல கொளுத்தினா அதுக்குள்ள இருக்கிறது எங்க போகும்? 100 அடியில இருக்கிற நம்ம வீட்டுக்குத்தான் வரும். புத்தைக் கட்டினது கரையான், பாம்பு அதுல குடியிருக்க வருது, அவ்வளவுதான். நீங்க இடிச்சா அது வேற பொந்து தேடும். கிடைக்கலன்னா உங்க செங்கல் அடுக்கு, விறகுக் கட்டு, வைக்கோல் போர். தெருக்கோடியில ஆறு மாசமா மூணு விளக்கு எரியல, அதுக்கு முதல்ல தீர்மானம் போடுங்கன்னு சொன்னேன்.

அப்போ அந்தப் பையனோட அம்மா எழுந்தாங்க. எனக்கு அண்ணி முறை. "ஏந்தம்பி, பாம்பைக் காப்பாத்தணும்னு இவ்ளோ பேசறியே, என் புள்ளையை யாரு காப்பாத்துனா?" அப்படின்னு கேட்டாங்க. சத்தம் போட்டுக் கேக்கல. மெதுவாத்தான் கேட்டாங்க. சபையில ஒருத்தரும் வாயைத் திறக்கல. நான் உக்காந்துட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம பாம்பைப் பத்திப் பேச எனக்கு உரிமை கிடையாது. அன்னிக்கு ராத்திரி முழுக்க யோசிச்சேன். பாம்பு நல்லது, எலியைத் தின்னும், விவசாயி நண்பன் அப்படின்னு பள்ளிக்கூடப் பாடம் மாதிரி சொன்னா இந்த அம்மாவுக்கு அது என்னவா கேக்கும்? முதல்ல மனுஷன் சாகக் கூடாது. அதுக்கு வழி சொல்லிட்டுத்தான் பாம்பைக் கொல்லாதேன்னு சொல்லணும். நானாவே ஒரு முடிவுக்கு வந்தது இது.

எங்க கழனிக்கு அறுப்பு முடிஞ்சதும் எலி பிடிக்க ஒரு இருளர் அண்ணன் வருவார். 60 வயசுக்கு மேல இருக்கும். கடப்பாரை ஒண்ணு, பானை ஒண்ணு. வளையைப் பார்த்தே உள்ள எலி இருக்கா, பாம்பு இருக்கான்னு சொல்லிடுவார். எலி பதுக்கி வெச்ச நெல்லைத் தோண்டி எடுத்துக்குவார், அது அவருக்குக் கூலி மாதிரி. அவர்கிட்ட இந்தச் சங்கதியைச் சொன்னேன். "நாலு பாம்பைத் தெரிஞ்சுக்கச் சொல்லுங்க நைனா, போதும். மீதியெல்லாம் வேடிக்கை பார்க்கத்தான்" அப்படின்னார். அவர் சொன்னதையே இந்தப் பதிவுக்குத் தலைப்பா வெச்சிருக்கேன்.

நம்ம பக்கத்துல கழனியிலயும் வீட்டுலயும் ஆளைக் கொல்லுறது பெரும்பாலும் நாலே நாலுதான்.

நல்லபாம்பு. படம் எடுக்கும், சீறும். எச்சரிக்கை குடுக்கிற பாம்பு. விலகி வழி விட்டா அது பாட்டுக்குப் போயிடும்.

கட்டுவிரியன். கருப்பா பளபளன்னு, குறுக்க மெல்லிசா வெள்ளைக் கட்டு. ராத்திரியில மட்டும் வெளிய வரும். இதே மாதிரி வெள்ளிக்கோல் வரையன்னு ஒரு சாதுப் பாம்பு வீட்டுச் சுவத்துல பல்லி தேடி ஏறும். வித்தியாசம் என்னன்னா, வரையனுக்குக் கழுத்துப் பக்கம் கட்டு நல்லா தெரியும், வாலுக்குப் போகப் போக மங்கும். கட்டுவிரியனுக்கு அது தலைகீழ். ஆனா இதைக் கிட்டப்போய்ப் பார்க்கிற வேலை நமக்கு வேண்டாம்.

கண்ணாடி விரியன். தடிச்ச உடம்பு, முதுகுல சங்கிலி கோத்த மாதிரி மூணு வரிசை வட்டம். குக்கர் விசில் மாதிரி விடாம சீறும். மல்லாட்டைக் கொடிக்குள்ள, வரப்புப் புல்லுக்குள்ள அசையாம கிடக்கும். இதை மலைப்பாம்புக் குட்டின்னு நினைச்சுக் கையில எடுத்தவங்க உண்டு. இதோட விஷம் ரத்தத்தை உறைய விடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சுருட்டை விரியன். ஒரு முழம்கூட இருக்காது. மேட்டு நிலத்துல, கல்லுக்கடியில இருக்கும். கோபம் வந்தா உடம்பைச் சுருட்டி உரசி, ரம்பம் அறுக்கிற மாதிரி சத்தம் வரும். சின்னதுதானேன்னு நினைக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில ஏத்துற விஷமுறிவு மருந்து இந்த நாலுக்கும் சேர்த்துத்தான் தயாரிக்கிறாங்க. அதனால எந்தப் பாம்பு கடிச்சதுன்னு தேடி அடிச்சு பையில போட்டுக் கொண்டுபோக வேண்டியதில்ல. அதைத் தேடப் போய் இன்னொருத்தர் கடி வாங்குறதுதான் மிச்சம்.

அந்த மருந்து எப்படி வருதுன்னு தெரிஞ்சா ஆச்சரியமா இருக்கும். பாம்போட விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குதிரைக்கு ஊசி போட்டு, குதிரை ரத்தத்துல உண்டாகிற எதிர்ப்புச் சத்தைப் பிரிச்சு எடுக்கிறாங்க. அந்த விஷத்தைக் குடுக்கிறது யாரு? இருளர்கள். முன்னாடி இவங்க தோலுக்காகப் பாம்பு பிடிச்சவங்க. 1972ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்து, பாம்புத் தோல் வியாபாரமும் நின்னதும் பொழைப்பு போச்சு. 1978ல ரோமுலஸ் விட்டேக்கர் உதவியோட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சாங்க. கிழக்குக் கடற்கரைச் சாலையில வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள்ள இருக்கு. பிடிச்ச பாம்பைக் கொல்றதில்ல. மண்பானையில கொஞ்ச நாள் வெச்சிருந்து, சில தடவை விஷம் எடுத்துட்டு, திரும்பக் காட்டுல விட்டுடறாங்க. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அமெரிக்காவுல ஃப்ளோரிடா வரைக்கும் போய் மலைப்பாம்பு பிடிச்சுக் குடுத்துட்டு வந்தவங்க.

தை மாசம் பள்ளிக்கூட ஆசிரியர்கிட்ட பேசி, ஒரு வேன் பிடிச்சு, எட்டாவது ஒன்பதாவது பிள்ளைங்களை வடநெம்மேலிக்குக் கூட்டிட்டுப் போனோம். வேன்ல நாலு பெரியவங்களுக்கு இடம் இருந்தது. அண்ணியையும் கூப்பிட்டேன். வர மாட்டாங்கன்னுதான் நினைச்சேன், வந்தாங்க. விஷம் எடுக்கிறதைக் காட்டினப்போ பிள்ளைங்க "ஊ"ன்னு கத்துச்சு. கட்டுவிரியனை எடுத்தப்போ அண்ணி திரும்பிக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, எடுத்துக் காட்டினவர்கிட்ட போய், "இதுல இருந்துதான் மருந்து செய்யறாங்களாப்பா? அது எங்க ஊரு பெரியாஸ்பத்திரியில இருக்குமா?" அப்படின்னு கேட்டாங்க. இருக்கும்மா, இலவசமாவே போடுவாங்கன்னு அவர் சொன்னார். வர்ற வழியெல்லாம் அண்ணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தாங்க. மருந்து அத்தனை கிட்டத்துல இருந்திருக்குன்னு தெரிஞ்சுக்கிறது ஒரு தாய்க்கு எப்படி இருக்கும்னு எனக்கு எழுதத் தெரியல.

திரும்பி வந்ததும் பிள்ளைங்களே ஆளுக்கொரு அட்டையில படம் வரைஞ்சு ரேஷன் கடை, டீக்கடை, பால் சொசைட்டியில ஒட்டினாங்க. அதுல எழுதினதை இங்கயும் போடறேன்.

கடிபட்டா பதறாதே, ஓடாதே. நடந்தா விஷம் சீக்கிரம் ஏறும். கைகால் முறிஞ்சவங்களை எப்படி அசையாம கொண்டுபோவோமோ அப்படிக் கொண்டுபோ. மோதிரம், வளையல், கொலுசைக் கழட்டு. வீங்கினா கழட்ட முடியாது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதே, பிளேடால கீறாதே, வாய் வெச்சு உறிஞ்சாதே. பச்சிலை, மந்திரிப்பு வேண்டாம். 108க்கு போன் பண்ணு. வர நேரமாகும்னா பைக்குல நடுவுல உக்கார வெச்சு, பின்னால ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு போ.

கடிபடாம இருக்க: ராத்திரி டார்ச் இல்லாம தெருவுலகூட நடக்காதே. கட்டில்ல படு, இல்லன்னா தரையில கொசுவலை கட்டி அதை நாலு பக்கமும் பாய்க்கடியில சொருகிட்டுப் படு. மல்லாட்டை பிடுங்கும்போதும், புல் அறுக்கும்போதும் முதல்ல குச்சியால தட்டிட்டுக் கையை விடு. வீட்டைச் சுத்தி எலி சேராம பார்த்துக்கோ. எலி இருக்கிற இடத்துக்குத்தான் பாம்பு வரும்.

இதையெல்லாம் சொன்ன பிறகுதான், மத்த பாம்பைக் கொல்லாதேன்னு சொன்னா ஜனங்க காது குடுத்துக் கேட்டாங்க. சாரை மாட்டு மடியில பால் குடிக்கும்னு எங்க ஊர்ல இன்னும் சொல்றாங்க. பாம்புக்கு உறிஞ்சுற மாதிரி வாயே கிடையாது, அதுங்க பால் குடிக்கிற ஜாதியும் இல்ல. மாட்டுக் கொட்டாய்க்கு அது வர்றது எலிக்கு. சாரையும் நல்லபாம்பும் ஜோடி சேரும்னு சொல்றதும் பொய். பின்னிக்கிட்டு நிக்கிறது பெரும்பாலும் ரெண்டு ஆண் சாரை, சண்டை போடுதுங்க. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தாது. கொம்பேறிமூக்கன் கடிச்சிட்டு சுடுகாட்டு மரத்துல ஏறி உக்காந்து புகை வருதான்னு பார்க்காது, அதுக்கு வேற வேலை இருக்கு. அரணை கடிச்சா மரணம்னு எதுகை மோனையோட சொல்றாங்களே தவிர, அரணைக்கு விஷமே இல்ல. மண்ணுளிக்கு ரெண்டு தலையும் இல்ல, நக்கினா வெண்குஷ்டமும் வராது. அதை லட்ச ரூபாய்க்கு வாங்குறோம்னு சொல்லி ஏமாத்துற கும்பல் ஒண்ணு சுத்துது. பிடிச்சு வெச்சா ஜெயில்தான். உடும்பும் அப்படித்தான், கறி, எண்ணெய்னு தொட்டா வழக்கு.

தவளையைச் சொல்லாம விட்டா இந்தப் பதிவு முழுசாகாது. நான் சின்னப் பையனா இருந்தப்போ ஐப்பசி மழையில ராத்திரி பெட்ரோமாக்ஸ் விளக்கோட ஆளுங்க ஏரிப்பக்கம் வருவாங்க. கோணிப்பை கோணிப்பையா பெரிய தவளையைப் பிடிச்சுக்கிட்டுப் போவாங்க. காலை மட்டும் வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பறாங்கன்னு சொல்வாங்க. 1987ல மத்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதியை நிறுத்திடுச்சு. புகையான், வெட்டுக்கிளின்னு நெல்லுக்கு வர்ற பூச்சியைத் தின்னுறது தவளை. தவளையைத் தின்னுறது தண்ணிப்பாம்பும் சாரையும். இப்ப கோணிப்பைக்காரங்க வர்றதில்ல, ஆனா மருந்து அடிச்ச கழனித் தண்ணியில தலைப்பிரட்டை செத்து மிதக்குது. என் ஒன்றரை ஏக்கர் நஞ்சையில மூணு வருஷமா குருணை மருந்து போடல. முதல் மழைக்கு ஆண் தவளையெல்லாம் மஞ்சளா மாறி கத்துற சத்தம் வீட்டுத் திண்ணை வரைக்கும் கேக்குது. விளைச்சல் ரெண்டு மூட்டை கூடுதா குறையுதான்னு கேக்கறவங்களுக்கு: பெருசா வித்தியாசம் இல்ல, மருந்துக் காசு மிச்சம்.

இன்னொண்ணு. தோட்டத்தைச் சுத்திக் கட்டுற நைலான் வலையில சாரை சிக்கி வெயில்ல காய்ஞ்சு சாகுது. வலையைத் தரையில இருந்து ஒரு சாண் தூக்கிக் கட்டுங்க, இல்ல காலையில ஒரு நடை பார்த்துட்டு வாங்க. வீட்டுக்குள்ள பாம்பு புகுந்தா நீங்களே பிடிக்கப் போகாதீங்க. தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொன்னா வந்து எடுத்துட்டுப் போவாங்க. அதுவரைக்கும் ஒருத்தர் தூரத்துல நின்னு அது எங்க போகுதுன்னு கண்ணு வெச்சிருந்தா போதும்.

மாசி மாசம் கிழக்குத் தெருவுல ஒரு பொண்ணுக்குப் புல் அறுக்கும்போது கண்ணாடி விரியன் கையில போட்டுடுச்சு. அவங்க மாமியார் மந்திரிக்கத்தான் கூப்பிட்டாங்க. வழியை மறிச்சு, "என் புள்ளையை நான் அங்கதான் தொலைச்சேன், நீ ஆஸ்பத்திரிக்குப் போடி"ன்னு பைக்குல ஏத்தினது அண்ணிதான். 40 நிமிஷத்துல ஊசி போட ஆரம்பிச்சிட்டாங்க. ரத்தம் உறையுதான்னு கண்ணாடிக் குழாயில 20 நிமிஷம் வெச்சு திரும்பத் திரும்பப் பார்த்தாங்களாம். ஆறு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தாங்க. கை இன்னும் கொஞ்சம் மரத்துப்போய்த்தான் இருக்கு, உயிரு இருக்கு.

அண்ணிக்குப் பாம்பு மேல பாசம் ஒண்ணும் வந்துடல. வாசல்ல எது வந்தாலும் அடிக்கச் சொல்லித்தான் கத்துவாங்க. அதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்ப சாரை வந்தா பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க ஓடிவந்து, "பெரிம்மா, இது சாரை, விடுங்க"ன்னு சொல்லிக் குச்சியால தட்டித் துரத்திடுதுங்க. அண்ணி திட்டிக்கிட்டே உள்ள போயிடறாங்க.

2024 நவம்பர்ல தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒண்ணா அறிவிச்சிருக்கு. எங்க எத்தனை பேர் கடிபடறாங்கன்னு சரியான கணக்கு வந்தாத்தான் மருந்து எங்க எவ்வளவு வேணும்னு தெரியும். மந்திரிக்கிறவர் வீட்டுத் திண்ணையில போற உயிர் எந்தக் கணக்குலயும் வராது.

ஏரிக்கரைப் புத்து அப்படியே இருக்கு. வீட்டு ஓரமா இருந்த புதரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வெட்டிச் சுத்தம் பண்ணினோம். மூணு தெருவிளக்குல ரெண்டு எரியுது. மூணாவதுக்கு மே 1 கிராம சபையில மறுபடி மனு குடுத்திருக்கேன்.

உங்க பக்கத்துல இந்தப் பாம்புகளுக்கு என்ன பேர் சொல்றீங்கன்னு எழுதுங்க. ஒரே பாம்புக்கு ஊருக்கு ஊர் வேற வேற பேரு, அதுலயே பாதிக் குழப்பம் வருது. அடுத்த பதிவு மல்லாட்டை விலை. அதுக்குள்ள கோபம் குறைஞ்சிடும்னு நினைக்கிறேன்.